சாவி எடுத்து வரும் நேரம்

"உக்காருங்க. சாவி எடுத்துட்டு வந்துடறேன்."

வார்டன் அக்கா என்னிடம் முதன்முதலாகச் சொன்னது அதுதான். சொல்லிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை அணைத்துவிட்டு மாடிக்குப் போனார். மழை விட்டிருந்த மத்தியானம். பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு நான் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு சாவியை எடுத்துவர இவ்வளவு நேரமா என்று யோசித்து யோசித்து, கிட்டத்தட்டக் கண் சொருகிப்போன சமயத்தில் அவர் திரும்பி வந்தார்.

"ஓ, அங்கயா?" என்றார்.

"இங்க உக்காரக் கூடாதாங்க?"

"ஏன் கூடாது? உக்காரத்தானே போட்டிருக்கு." மின்விசிறியை மறுபடி போட்டார். "தூக்கம் எப்படி? பக்கத்துல யாராவது தும்மினா முழிச்சுக்குவீங்களா?"

"கொஞ்சம்."

"கதவத் தட்டாம யாராவது உள்ள வந்தா?"

"பிடிக்காது."

"பிடிக்காதா, பயமா?"

நான் பெட்டியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

"சரி, விடுங்க. முதல் நாளே எல்லாத்தையும் சொல்லிட்டா அப்புறம் என்ன பேசறது? உங்களுக்கு ஒரு வாயாடியப் போடறேன்."

"எனக்குத் தனி ரூம் கிடைச்சா நல்லாருக்கும்."

"தனி ரூம் உங்களுக்கு ஆகாது. ஒரே வாரத்துல உள்ளயே காணாமப் போயிடுவீங்க. அப்புறம் நான்தான் வெளக்கு வச்சுக்கிட்டுத் தேடணும். அவ நர்ஸு. ஓயாம பேசுவா. பதில்கூடச் சொல்ல வேண்டாம், தலைய ஆட்டினாப் போதும். நீங்க சுவர் ஆளு, அவ நடு ஆளு. ஒத்துப்போயிடும்."

"சுவர் ஆளுன்னா?"

"பெட்டியத் தூக்குங்க. படி கொஞ்சம் செங்குத்து."

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது அன்று மாலை, நர்ஸ் வேலை முடிந்து வந்த பிறகு.

வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி அது. ஒரு காலத்தில் யாரோ பெரிய குடும்பம் வாழ்ந்த வீடு. அறைகளைப் பலகை வைத்துத் தடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டில் போட்டிருந்தார்கள். முன்னறை மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. தெருக்கதவை ஒட்டி ஒரு ஸ்டூல். ஜன்னலோரம் கை வைத்த நாற்காலி. கடிகாரத்துக்குக் கீழே, சுவரோடு சுவராக ஒரு பெஞ்சு. நட்டநடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே, ஒரு சோபா. சமையலறைக்குப் போகும் வழியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றுக்கொன்று சொந்தமோ பந்தமோ இல்லாத சாமான்கள். ஜன்னல் கண்ணாடி பழசு என்பதால், தெருவில் பஸ் போகும்போதெல்லாம் அதன் வெளிச்சம் நெளிந்து நெளிந்து கூரையில் மீன்போல நீந்திப் போகும். அந்த அறையில் உட்கார்ந்தால் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோலத் தோன்றும்.

"அது பரீட்சைடி," என்றாள் நர்ஸ், கால்களை வாளித் தண்ணீரில் அமிழ்த்தியபடி. "சாவி மாடியில பிஸ்கட் டப்பாவுல இருக்கு. எடுக்க ஒரு நிமிஷம் ஆகாது. அக்கா வேணும்னே லேட்டா வருவாங்க. வந்ததும், நாம எங்க உக்காந்திருக்கோம்னு பாப்பாங்க. அத வச்சுத்தான் ரூமு, கட்டிலு, கூட யாரு, எல்லாம்."

"ஃபேன எதுக்கு அணைக்கணும்?"

"ஃபேன் ஓடினா எல்லாக் கழுதையும் சோபாவுலதான் உக்காரும். அப்புறம் யாரு என்ன ஆளுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

கதவுக்காரி, ஜன்னல்காரி, சுவர்க்காரி, நடுக்காரி, அடுப்படிக்காரி. விடுதியில் ஊர், வயது, படிப்பு எல்லாம் இதற்கு அப்புறம்தான். இரண்டு கதவுக்காரிகளை அக்கா ஒரே அறையில் போடமாட்டார். இரண்டு பேரும் கிளம்பிப்போய்விட்டால் அறையில் யார் இருப்பது என்பார். ஜன்னல்காரிக்கு, தான் இல்லாத இடத்தில்தான் வாழ்க்கை நடக்கிறது என்று ஒரு தவிப்பாம். அவளுக்குத் தெருவைப் பார்த்த அறையைக் கொடுத்துவிட்டால் வேறு எதற்கும் குறை சொல்லமாட்டாளாம்.

ஒருநாள் நானே அவரைக் கேட்டேன். அக்கா எப்போதும்போலத் தெருக்கதவின் நிலையில் சாய்ந்து நின்றபடி, தலையணை உறைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க உக்காறாங்கங்கிறது பெரிசில்ல," என்றார். "எதுக்கு முதுகக் காட்ட மாட்டேங்கறாங்க, அதப் பாக்கணும். பயம் அங்கதான் இருக்கும். உனக்கு, பின்னாலேருந்து எதுவும் வந்துடக் கூடாது. அதான் சுவரு."

"பயத்தக் கண்டுபிடிச்சு என்ன செய்யறது?"

"அதுதானே ஒருத்தரோட சொத்து? அதுலேருந்துதான் மத்ததெல்லாம். போன வருஷம் காஸ் கசிஞ்சப்போ முதல்ல மோந்தது யாரு? ஒரு சுவர்க்காரி. ஆளக் கூட்டிட்டு வர ஓடினது கதவுக்காரி. செருப்புகூடப் போடல. அடுப்படிக்காரி உள்ள போயி வால்வ மூடினா. நடுக்காரி எல்லாரையும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதா. அதுக்கும் ஒரு ஆளு வேணும்ல?"

"நான் ஒண்ணும் அழல, ஆறுதல் சொன்னேன்," என்று உள்ளேயிருந்து நர்ஸின் குரல் வந்தது.

"ஜன்னல்காரி?"

"அவ எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து, என்னக்கா இவ்வளவு சத்தம்னு கேட்டா."

இதையெல்லாம் நான் முதலில் ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்தேன். ஆனால் கணக்கு எழுதும் வேலை பார்த்த ஓர் அம்மா அங்கே இருந்தார். வந்த அன்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர். தான் யாருக்கும் வேண்டாதவளாகிவிடுவோமோ என்பதுதான் அவருடைய பயம் என்று அக்கா சொல்லியிருந்தார். தினமும் காலையில் அக்கா எல்லாப் பாத்திரங்களையும் கழுவிவிட்டு, ஒரே ஒரு டீக் கோப்பையை மட்டும் தொட்டியில் விட்டுவைப்பார். அந்த அம்மா வந்து, "அக்காவுக்கு வரவர ஞாபகமே இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டு அதைக் கழுவுவார். அவருடைய முகம் அன்று முழுக்கத் தெளிவாக இருக்கும். அதைப் பார்த்த பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை.

அக்காவின் கணிப்பு தப்பியதும் உண்டு. ஜன்னலோரம் போய் உட்கார்ந்த ஒரு தையல்காரிக்கு மூன்றாவது மாடியில், ஜன்னலை ஒட்டிய கட்டிலைக் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்கோ உயரம் என்றாலே நடுக்கம். வாயைத் திறந்து சொல்லாமல், பல நாள் பாயை எடுத்துக்கொண்டுபோய் நடைவழியில் படுத்திருக்கிறாள். கடைசியில் விசாரித்தால், அன்று அவளுடைய மூக்குக் கண்ணாடி உடைந்திருந்ததாம். ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் வேண்டியிருந்ததாம். அக்கா தாமே கட்டிலைக் கீழே இறக்கினார். அந்தக் கதையை அவரே சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார். "வெளிச்சத்துக்காகவும் ஒருத்தி ஜன்னல்கிட்ட உக்காரலாம்னு இந்த மண்டைக்கு ஏறலயே!"

இந்த வேலைக்கு வருமுன் அவர் ஒரு சினிமா தியேட்டரில், இருட்டில் டார்ச் அடித்து இடம் காட்டுபவராக இருந்தார். கணவர் இறந்தபோது மகளுக்கு நாலு வயது. வீட்டில் விட ஆளில்லாததால் மாலைக் காட்சிக்கு மகளையும் கூட்டிப்போவார். பகல் காட்சிகளில் பாதி இருக்கைகள் காலியாகக் கிடக்கும். எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள் என்று சொல்லிவிடுவார்கள். சொன்ன மறுகணம் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை அவர் அங்கேதான் பார்க்க ஆரம்பித்தார். திரையிலிருந்து வரும் நீல வெளிச்சம் முகங்களில் ஏறி இறங்க, யாரோ ஒருவர் காலியான வரிசையில் ஒரு நாற்காலியிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று மாறிக்கொண்டே போவார். அவர் எதைத் தேடுகிறார் என்று நின்று யோசிப்பதில் படத்தையே மறந்துவிடுவாராம் அக்கா. தம் கையில் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு பதினைந்து வருடம் இருட்டில் நின்றவர் அவர்.

முதன்முதலாக அவர் வகை பிரித்த ஆள் அவருடைய மகள்தான்.

"அவளுக்கு எப்பவும் கடைசி வரிசையில கடைசி ஸீட்டு. வெளிய போற கதவ ஒட்டி இருக்குமே, அது. நடுவுல நல்ல இடமாப் பாத்து உக்கார வைப்பேன். திரும்பிப் பாத்தா அங்க வந்து சுருண்டு படுத்திருப்பா. அப்பவே புரிஞ்சுபோச்சு, இவ நிக்க மாட்டா, போற ஆளுன்னு. அந்த மாதிரி ஆளுங்களப் பிடிச்சு வைக்கக் கூடாது. வழிய மறிச்சா மூச்சு முட்டிப் போயிடும் அவங்களுக்கு."

அதனால் அவர் மறிக்கவே இல்லை. வேறு ஊரில் தங்கிப் படிக்கும் பள்ளியில் இடம் கிடைத்தபோது, "உன் இஷ்டம்மா" என்றார். கல்லூரிக்கும் அதே. கப்பல் கம்பெனி வேலைக்கும் அதே. ஒவ்வொரு முறையும் பெட்டியை அவரே அடுக்கிக் கொடுத்தார். மகள் வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ விடுதிக்கு வருவாள். தெருக்கதவை ஒட்டிய ஸ்டூலில், ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பாள். அக்கா மாடிக்குப் போய்ச் சாவி எடுத்து வருவார். மாடிப்படிக்குக் கீழே, பக்கத்துச் சந்துக்குத் தனிக் கதவு வைத்த ஒரு சின்ன அறை மகளுக்கென்றே காலியாகக் கிடந்தது. யாரையும் எழுப்பாமல் அதிகாலையில் கிளம்பிப்போக வசதியாக.

நான் வந்து இரண்டாவது வருடம், ஒரு திங்கட்கிழமை, முன்னறைத் தொலைபேசியில் மகளின் அழைப்பு வந்தது. அவளுக்கு இரண்டு வேலைகள் காத்திருந்தன. ஒன்று கடல் கடந்து, போனால் எளிதில் திரும்ப முடியாத ஒரு நாட்டில். இன்னொன்று இதே ஊரில், துறைமுகத்து அலுவலகத்தில். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க வருகிறாள். அன்று மாலை ரயில் ஏறி, மறுநாள் காலை கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"நீ என்னம்மா சொல்ற?" என்று அவள் கேட்டிருக்க வேண்டும். அக்கா தொலைபேசியின் சுருள் கம்பியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"உன் இஷ்டம்மா," என்றார்.

வைத்த பிறகும் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். மகள் இங்கேயே இருக்க வேண்டும் என்று அவர் எவ்வளவு ஆசைப்படுகிறார் என்பது விடுதியில் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. அதைச் சொல்லவேமாட்டார் என்பதும்.

அந்த வாரம் நர்ஸ் தன் ஆஸ்பத்திரிப் பயிற்சி வகுப்பிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்தாள். அறுபது கேள்விகள், பதில் சொன்னால் நீங்கள் எந்த வகை மனிதர் என்று சொல்லிவிடும்.

"அறுபது கேள்வி கேட்டா யாருதான் சொல்ல மாட்டாங்க?" என்றார் அக்கா. "நான் ஒண்ணுகூடக் கேக்கறதில்ல."

"சும்மா பதில் சொல்லுங்கக்கா. விருந்துக்குப் போனா முன்பின் தெரியாதவங்களோட நீங்களாப் போய்ப் பேசுவீங்களா?"

"என்னை யாருடி விருந்துக்குக் கூப்பிட்டா?"

"கூப்பிட்டாங்கன்னு வச்சுக்குங்க."

"கூப்பிட்டா, அவங்க தெரிஞ்சவங்கதானே?"

நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். கணக்கம்மா வந்து எட்டிப் பார்த்தார். "அக்கா அசல் கதவுக்காரி, இதுக்கு எதுக்குத் தாளு? எந்நேரமும் அந்த நிலையிலதானே சாஞ்சு நிக்கறாங்க!" என்றார்.

"நான் எங்க கதவுக்காரி? எனக்கு உக்கார நேரமில்ல, நிக்கறேன்," என்று சுருக்கெனக் கோபப்பட்டார் அக்கா.

"சரி சரி, அடுத்தது. உங்க மனசுல இருக்கறத, நெருங்கினவங்ககிட்ட வாய்விட்டுச் சொல்லுவீங்களா? எப்பவும், சில சமயம், ஒருநாளும் இல்ல."

அக்கா அந்தத் தாளை வாங்கி, கேள்வியைத் தாமே ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு மடித்து நர்ஸின் கையில் கொடுத்துவிட்டு, பால் பொங்கும் என்று உள்ளே போனார். அடுப்பில் பால் எதுவும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் மொட்டை மாடியில் விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. கொடி கொடியாக வெள்ளை விரிப்புகள். காற்றில் உப்பி, தணிந்து, யாரோ தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல. அவற்றுக்கு நடுவே அக்காவும் நானும் மட்டும் இருந்தோம். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு விலகிப் போவோம். மடித்துக்கொண்டு நெருங்கி வருவோம். முனைகளை அவர் கையில் கொடுத்துவிட்டு மறுபடி விலகிப் போவேன். வெயில் துணிக்குள் புகுந்து அவர் முகத்தில் ஒரு வெண்மையைப் பூசியிருந்தது. தியேட்டரில் அவர் இப்படித்தான் தெரிந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில்தான் கேட்டேன். கேட்கும்போது அதில் விசேஷம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

"தியேட்டர்ல எல்லாருக்கும் இடம் காட்டி முடிச்சப்புறம் நீங்க எங்கக்கா இருப்பீங்க?"

"எங்க இருப்பேன்? நிப்பேன்."

"எங்க நிப்பீங்க?"

"கதவுகிட்டதான். லேட்டா யாராவது வந்தா வெளிச்சம் காட்டணுமே. வெளிய போற கதவுக்குப் பக்கத்துல, கடைசி வரிச..."

அவர் நின்றுவிட்டார். விரிப்பு எங்கள் இருவருக்கும் நடுவே தொய்ந்து, தரையைத் தொட்டது. எப்போதும் "ஐயோ, அழுக்காகுது" என்று கத்துபவர், இப்போது அதைப் பார்க்கக்கூட இல்லை.

"நடுவுல உக்கார வச்சா எந்திரிச்சு வந்துடுவா," என்றார் மெதுவாக. அதை என்னிடம் சொல்லவில்லை. "என் புடவைய ஒரு கையில பிடிச்சுக்கிட்டுத் தூங்குவா. டார்ச் அடிக்கப் போகணும்னா விரல் விரலாப் பிரிச்சுட்டுப் போவேன்."

கொடியில் மிச்சமிருந்த விரிப்புகள் உப்பின, தணிந்தன. எங்கோ கீழே ஒரு பஸ் நின்று, மறுபடி கிளம்பியது. மகள் விடுதிக்கு வரும்போதெல்லாம் அந்த ஸ்டூலில்தான் உட்காருவாள் என்பதும், அந்த ஸ்டூல் அக்கா சாய்ந்து நிற்கும் நிலைக்கு ஒரு கை தூரத்தில்தான் இருக்கிறது என்பதும் எனக்கு ஞாபகம் வந்தன. அவருக்கும் வந்திருக்கும்.

"கண்ணாடி உடைஞ்சவள ஜன்னல்காரின்னு சொன்ன மாதிரி," என்றார். "அவளாவது கட்டில மாத்தினாச் சரியாப் போச்சு."

அவர் அழவில்லை. விரிப்பின் முனையைத் தூக்கி, தூசியைத் தட்டி, என்னை நோக்கி நடந்து வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மகள் வந்தாள். அம்மாவின் நெற்றி, அம்மாவின் தோள். தூக்கம் போதாத கண்கள். கதவைத் திறந்தவள் நான்தான். பழக்கத்தில் ஸ்டூலில் உட்காரப் போனவள், பையை அதன்மேல் வைத்தபடியே கதவு நிலையைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. பிறகு உள்ளே திரும்பிப் பார்த்தாள். முன்னறையின் நட்டநடுவில், மின்விசிறி ஓடிக்கொண்டிருக்க, வார்டன் அக்கா சோபாவில் உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு வருடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். உட்காரத் தெரியாதவர்போல, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல, கைகளை மடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக இருந்தார்.

"ஏம்மா, உடம்பு சரியில்லயா?" என்றாள் மகள்.

"நல்லாத்தான் இருக்கேன்."

"பின்ன ஏன் உக்காந்திருக்க?"

"ஏன், நான் உக்காரக் கூடாதா? ஷூவக் கழட்டிட்டு இப்படி வா."

அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. மாடிக்குப் போய், துணிகள் வைக்கும் அறையில், பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கீழேயிருந்து குரல்கள் வந்தன, வார்த்தைகள் வரவில்லை. ஒரு குரல் நெடுநேரம் பேசியது. மற்றது ஒருமுறை உயர்ந்தது. எதையோ, பல வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்பதுபோல. பிறகு மின்விசிறியின் சத்தம் மட்டும். டப்பாவுக்குள் சாவிகள் ஒன்றோடொன்று உரசி, ஏதோ ஆழத்திலிருந்து கேட்கும் மணிபோலச் சன்னமாக ஒலித்தன.

நான் இறங்கி வந்தபோது, ஷூக்கள் வாசலில் ஜோடியாகக் கிடந்தன. ஸ்டூலில் பை மட்டும் இருந்தது. சோபாவில் மகள், காலை மடக்கிக்கொண்டு, அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். ஒரு கை புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தது. கூரையில் ஒரு பஸ்ஸின் வெளிச்சம் நீந்திப் போனது. அக்கா என்னைப் பார்த்து, சத்தம் போடாதே என்று கண்ணைக் காட்டினார். அவர் கன்னம் ஈரமாக இருந்தது.

மாலை ரயிலில் மகள் போகவில்லை. மறுநாள் காலை, முன்னறைத் தொலைபேசியிலிருந்தே கம்பெனிக்குப் பேசி, துறைமுகத்து வேலையை எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். சந்துக் கதவு வைத்த சின்ன அறையில் இப்போது பழைய பெட்டிகள் கிடக்கின்றன. புதிதாக யார் வந்தாலும் அக்கா இன்னமும் மின்விசிறியை அணைத்துவிட்டுத்தான் மாடிக்குப் போகிறார். ஆனால் திரும்பி வந்து, எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்த பிறகு, "ஏன் அங்க உக்காந்தீங்க?" என்று ஒரு கேள்வியும் கேட்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், மகள் வருவதற்குக் கொஞ்சம் முன்பு, நான் பல் துலக்கிக்கொண்டிருந்த இடத்துக்கே அக்கா வந்து நின்றார். தலை வாரிப் புதுப் புடவை கட்டியிருந்தார். ஏதோ பெரிய உதவி கேட்க வந்தவர்போல, முந்தானையை விரலில் சுற்றி அவிழ்த்துக்கொண்டே கேட்டார்:

"அவ வந்ததும் எனக்குக் கால் தன்னால மாடிக்குத்தான் போகும். இன்னைக்கு ஒருநாள் நீ போய்ச் சாவிய எடுத்துட்டு வர்றியாம்மா? டப்பா எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சாலும், கொஞ்ச நேரம் தேடு."